இட்ரியாவில் மூன்று இரவுகள்: ஸ்லோவேனியாவின் ஒரு சுரங்க ஊர்

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

ஸ்லோவேனியாவுக்குப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் பிளெட் ஏரி, போஸ்டோய்னா குகை, லியுப்லியானா மூன்றையும் பார்த்த கையோடு வெனிஸுக்கோ வியன்னாவுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். நான் எழுத வந்தது இட்ரியாவைப் பற்றி. சென்ற செப்டம்பரில் நானும் மனைவியும் அங்கே மூன்று இரவு தங்கினோம். திரும்பி வந்து ஆறு மாதமாகிறது. இன்னும் வாரத்துக்கு ஒருமுறையாவது வீட்டில் அந்த ஊர்ப் பேச்சு வந்துவிடுகிறது.

லியுப்லியானாவிலிருந்து மேற்கே சுமார் 60 கிலோமீட்டர். ரயில் கிடையாது, பேருந்துதான். கொடோவிச் என்ற ஊரைத் தாண்டியதும் சாலை காட்டுச் சரிவில் வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. இறங்கி முடிகிற இடத்தில், நான்கு பக்கமும் மலை சூழ்ந்த ஒரு குழிக்குள், ஏறத்தாழ ஆறாயிரம் பேர் வாழும் ஊர். நடுவே இட்ரிட்சா ஆறு. வீடுகள் வெள்ளையடித்து உயரமாக நிற்கின்றன. செங்குத்தான கூரை, அதில் அடுக்கடுக்காகச் சின்னச் சின்ன ஜன்னல்கள். முதலில் எனக்கு அவை பணக்கார வீடுகளாகத் தோன்றின. பிறகுதான் தெரிந்தது, அவை சுரங்கத் தொழிலாளர் வீடுகள். தட்டையான நிலம் அங்கே அரிது. அதனால் மேலே மேலே கட்டி, ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன.

இட்ரியாவின் பிழைப்பு பாதரசம். மரத்தொட்டி செய்கிற ஒருவர், புதுத்தொட்டியை ஊற்றில் ஊறப் போட்டபோது அடியில் ஏதோ பளபளப்பதைக் கண்டார் என்பது அங்கே சிறுபிள்ளைகளும் சொல்லும் கதை. ஆண்டு 1490. அந்த இடத்தில் இப்போது ஒரு சிறு தேவாலயம் இருக்கிறது. அன்று தொடங்கிய சுரங்கம் ஐந்நூறு ஆண்டு ஓடியது. உலகத்தில் ஸ்பெயின் நாட்டின் அல்மதேனுக்கு அடுத்த பெரிய பாதரசச் சுரங்கம் இதுதான். இரண்டையும் சேர்த்து 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஊருக்கு அடியில் தோண்டிய பாதைகளின் மொத்த நீளம் 700 கிலோமீட்டருக்கும் மேல். சாலையில் நடக்கும்போது இது நினைவுக்கு வந்தால் கால் கொஞ்சம் தயங்கும்.

அந்தோனியார் சுரங்கப்பாதை 1500ஆம் ஆண்டு வெட்டியது. இப்போது வழிகாட்டியுடன், குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் உள்ளே போகலாம். முன்பு காலைதோறும் தொழிலாளர்களின் பெயரைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுத்த கூடத்தில் நம்மை உட்காரவைத்து ஒரு படம் காட்டுகிறார்கள். பிறகு மேலங்கியும் தலைக்கவசமும் கொடுத்து அழைத்துப் போகிறார்கள். கரும்பாறையில் ஓரிடத்தில் வழிகாட்டி விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். பாறை வியர்த்தது போல் வெள்ளிப் பொட்டுகள். பாதரசம் தாதுவாக மட்டுமல்லாமல் உலோகத் துளிகளாகவே பாறையில் கிடைப்பது இந்த மண்ணின் சிறப்பு. சிவப்பாகத் தெரிவது சின்னபார் என்ற பாதரசத் தாது, நம் சித்த மருத்துவத்தில் இலிங்கம் என்று சொல்வது.

ஊரின் அமைதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை கோயில் மணி ஓய்ந்த பிறகு ஆற்றின் ஓசை தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. எதிரே வந்த ஒவ்வொருவரும் 'தோபெர் தான்' என்று வணக்கம் சொல்லிப் போனார்கள். நாங்கள் யார், எங்கிருந்து வந்தோம் என்று யாரும் முறைத்துப் பார்க்கவில்லை.

கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

---

பாலாறு

நெடுவழி ஐயா, நானும் இட்ரியாவுக்குப் போயிருக்கிறேன். உங்கள் அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் புதிதாகப் போகிறவர்கள் நன்றாக யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பிள்ளைகளுடன் சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். சுரங்கத்தில் அன்றைய கடைசிச் சுற்று தொடங்கிவிட்டிருந்தது. மறுநாள் ஞாயிறு, கடைகள் பூட்டியிருந்தன. பேருந்து அட்டவணையில் அன்றைக்கு ஒன்றிரண்டு நேரங்கள்தான் இருந்தன. பிள்ளைகளுக்குப் பாலும் ரொட்டியும் வாங்க ஒரு பெட்ரோல் நிலையம் வரை நடந்தேன். ஐந்து நாள் விடுப்பில் வருகிறவர் ஒன்றரை நாளை இதற்குக் கொடுக்க வேண்டுமா? பிளெட் கூட்டமாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த ஏரியின் அழகும் உண்மைதானே.

---

கிராட்ஸ்வாசி

பாலாறு சொல்லும் சிக்கல் ஸ்லோவேனியச் சிற்றூர்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். நான் எல்லைக்கு இந்தப் பக்கம், ஆஸ்திரியாவில் ஒன்பது ஆண்டாக வாழ்கிறேன். மாதம் ஒருமுறையாவது அந்தப் பக்கம் போய்வருவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளை மூட வேண்டும் என்று 2020இல் அங்கே சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். பெட்ரோல் நிலையம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. கடை ஊழியர்களுக்கும் குடும்பத்தோடு ஒரு நாள் வேண்டும் என்பதே அதன் காரணம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. பயணி சனிக்கிழமை மாலைக்குள் வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். 'கோஸ்தில்னா' எனப்படும் ஊர் உணவகங்கள் பல ஞாயிறு மதியம் திறந்திருக்கும். தாத்தா பாட்டி முதல் பேரன் பேத்தி வரை குடும்பம் குடும்பமாக வந்து சாப்பிடுவார்கள். சாப்பிட்டுவிட்டு ஓட மாட்டார்கள், மாலை வரை இருப்பார்கள்.

பேருந்து வார நாட்களில் ஓரளவு வசதி. பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்காக ஓடுவதுதான் அது, ஆகவே சனி, ஞாயிறு வந்தால் பாதிக்கு மேல் குறைந்துவிடும். திங்கள் முதல் வியாழன் வரை சிற்றூர், வார இறுதியில் லியுப்லியானா என்று மாற்றி அமைத்துக்கொண்டால் பாலாறுக்கு நேர்ந்தது நேராது. ரயிலில்தான் போவேன் என்பவர்களுக்கு ப்துய் ஊரைச் சொல்வேன். மரிபோர் பக்கம், த்ராவா ஆற்றங்கரையில், கோட்டையின் அடிவாரத்தில் இருக்கிறது. பிப்ரவரி வாக்கில் அங்கே ஆட்டுத்தோல் போர்த்தி, இடுப்பில் மாட்டு மணி கட்டிக்கொண்டு 'குரெந்த்' வேடத்தில் ஆடி வருவார்கள், குளிர்காலத்தை விரட்ட. அப்போது மட்டும் அமைதியை எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அந்தப் பக்கத்துக் காடுகளிலும் புல்வெளிகளிலும் உண்ணி அதிகம். மூளைக்காய்ச்சலைப் பரப்பும் உண்ணிகள் ஐரோப்பாவிலேயே மிகுதியாக உள்ள நாடுகளில் ஸ்லோவேனியாவும் ஒன்று. முழுக்கால் சட்டை போடுங்கள். இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், பிள்ளைகளின் காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள். நீண்ட நாள் தங்குவோர் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

---

அறுசுவை

எங்கள் வீட்டில் நால்வரும் சைவம், முட்டையும் கிடையாது. இட்ரியாவில் என்ன சாப்பிடுவது? விசா விவரமும் யாராவது சொன்னால் நல்லது.

---

நெடுவழி

விசா: இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா. 2007 முதல் அங்கே யூரோதான் பணம்.

சாப்பாட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஊரின் பெருமையே ஓர் உணவு. 'ஷ்லிக்ரோஃபி' என்பார்கள். மெல்லிய மாவுக்குள் மசித்த உருளைக்கிழங்கு, வதக்கிய வெங்காயம், மணத்துக்குச் சில இலைகள் வைத்து, இரு பக்கமும் காது போல் நீட்டி, நடுவில் விரலால் ஒரு குழி அழுத்தி, கொதிநீரில் போட்டு எடுக்கிறார்கள். நம் கொழுக்கட்டை பிடிக்கிற கை அதைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்ளும். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் மரபு உணவாகப் பதிவு செய்து பாதுகாப்பு கொடுத்த முதல் ஸ்லோவேனியப் பண்டம் அது.

ஆனால் உங்களுக்கு ஒரு தடை உண்டு. மரபான பூரணத்தில் பன்றிக்கொழுப்பு சேரும். மேலே ஊற்றும் 'பகால்ட்சா' குழம்பு ஆட்டிறைச்சி. மாவிலும் முட்டை இருக்கும். ஆகவே முட்டையும் தவிர்ப்பவர்கள் ஷ்லிக்ரோஃபியை விட்டுவிடத்தான் வேண்டும். காளான் சூப், ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, பக்கத்து ஊரான தோல்மினின் பாலாடைக்கட்டி, காய்கறிக் கலவை, பழங்கள் கிடைக்கும். 'ப்ரெஸ் மெசா, ப்ரெஸ் யாய்ட்ஸ்' என்றால் 'இறைச்சி இல்லாமல், முட்டை இல்லாமல்'. அதோடு 'ப்ரெஸ் மாஸ்தி' என்று கொழுப்பையும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பன்றிக்கொழுப்பை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாங்கள் சமையலறை உள்ள வீட்டில் தங்கினோம். அரிசியும் பருப்பும் கொண்டுபோயிருந்தோம். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

பாலாறு, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பிள்ளைகளோடு ஞாயிறு மாட்டிக்கொண்டது சிரமம்தான். ஆனால் ஒன்றரை நாளில் ஒரு ஏரியைப் பார்த்துவிடலாம், ஒரு ஊரைப் பார்க்க முடியாது. முதல் நாள் எனக்கும் 'இவ்வளவுதானா' என்றுதான் இருந்தது. இரண்டாம் நாள் ரொட்டிக்கடையில் என்னை அடையாளம் கண்டு சிரித்தார்கள். மூன்றாம் நாள் அந்தக் கடைக்காரப் பெண்மணி, தன் தாத்தாவுக்கு நாற்பது வயதிலேயே கை நடுங்க ஆரம்பித்ததையும், கோப்பையைப் பிடிக்க முடியாமல் அவர் கிண்ணத்தில் குனிந்து குடித்ததையும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு நான் பார்த்த வெள்ளை வீடுகள் வேறு வீடுகள்.

---

ஆய்வுக்கூடம்

அந்தக் கை நடுக்கத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வேதியியல் ஆசிரியை.

பாதரசத்தின் ஆபத்து அதன் ஆவியில் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போய் நரம்புகளைத் தாக்கும். கை நடுங்கும், ஈறு புண்ணாகும், பல் ஆடும், மனநிலை மாறும். சுரங்கத்துக்குள் உலோகத் துளிகள் இருந்த பகுதிகளில் வேலை செய்தவர்களும், தாதுவை உலையில் வறுத்து ஆவியாக்கிக் குளிரவைத்த உலைத் தொழிலாளர்களும்தான் மிகவும் பாதிக்கப்பட்டார்கள்.

இதை நேரில் கண்டு எழுதிய தொடக்ககால மருத்துவர்களில் ஒருவர் இட்ரியாவிலேயே இருந்தார்: ஜியோவான்னி அந்தோனியோ ஸ்கோபோலி. 1754இல் சுரங்க மருத்துவராக வந்து பதினைந்து ஆண்டு வேலை பார்த்தார். 1761இல் வெளியிட்ட நூலில் பாதரசத் தொழிலாளர்களின் நோய்களைப் பதிவு செய்தார். அதே காலத்தில் சுற்றுமலைகளின் செடிகொடிகளை எல்லாம் தொகுத்தார். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸோடு கடிதத் தொடர்பும் வைத்திருந்தார். ஒரு செடியினத்துக்கு அவர் நினைவாக ஸ்கோபோலியா என்று பெயர். பயணத்தில் குமட்டல் வராமலிருக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் பட்டையில் இருக்கும் ஸ்கோபொலமைன் மருந்தின் பெயரும் அங்கிருந்து வந்ததே. வளைவுச் சாலையில் இட்ரியாவுக்கு இறங்குகிறவர்கள் அவரை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

சுற்றுலாப் பயணிக்கு அபாயமா என்று கேட்பீர்கள். காற்றோட்டம் உள்ள பாதையில், வழிகாட்டியோடு, ஒன்றரை மணி நேரம் நடந்து வருவதால் பயமில்லை. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும். சிவப்புக் கல் அழகாக இருக்கிறது என்று ஆற்றோரத்தில் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஐந்நூறு ஆண்டுக் கழிவு அந்த ஆற்று வண்டலில் கலந்திருக்கிறது. அது சோச்சா ஆறு வழியாக த்ரியெஸ்த் வளைகுடா வரை போய்ச் சேர்ந்திருப்பதை விஞ்ஞானிகள் இன்றும் அளந்து வருகிறார்கள். தண்ணீர் கண்ணாடி போல் தெளிவாகத்தான் இருக்கும். வண்டலைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

---

மாரிகுப்பம்

இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பயணம் பற்றி எதுவும் எழுதியதில்லை.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். அப்பா அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் நிலத்தடி வேலை. அவருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து போனவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம் அது. அப்பா வேலையிலிருந்து வந்தால் அம்மா வாசலிலேயே வெந்நீர் வைத்திருப்பார். பாறை வெடிப்பின் அதிர்ச்சியில் வீட்டுப் பாத்திரங்கள் கலகலவென்று ஆடும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அங்கே போனால் அரைத்துக் கொட்டிய சயனைடு மண் மேடுகள்தான் குன்றுகளாக நிற்கின்றன. வேலைக்காக விடியற்காலை ரயிலில் ஜனங்கள் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள்.

நெடுவழி அண்ணா, நான் கேட்க விரும்புவது இதுதான். இட்ரியாவில் சுரங்கம் மூடிய பிறகு அந்த ஜனங்கள் என்ன ஆனார்கள்? ஊரில் இளைஞர்கள் இருக்கிறார்களா?

---

நெடுவழி

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை.

இருக்கிறார்கள். மாலையில் ஆலைப் பேருந்திலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்தேன், பாதிப் பேர் முப்பதுக்குள். சுரங்கம் ஓய்வதற்கு வெகுநாள் முன்பே, 1963இல், மின்மோட்டார்களுக்கு உதிரிபாகம் செய்யும் கொலெக்டோர் என்ற நிறுவனம் அங்கே தொடங்கியது. இன்று அதுவும் ஹிட்ரியா என்ற இன்னொரு நிறுவனமும் கார்த் தொழிற்சாலைகளுக்குப் பாகங்கள் செய்து உலகெங்கும் அனுப்புகின்றன. பள்ளத்தாக்கின் பிழைப்பு இப்போது அதில்தான். ஊர் அமைதியாக இருக்கிறது என்று நான் எழுதியதை ஆளற்றுக் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படி ஒரு எண்ணம் வந்திருந்தால் பிழை என்னுடையது.

சுரங்கத்தை மூடுவதையும் ஒரு வேலையாகவே செய்திருக்கிறார்கள். 1990களில் தோண்டுவது நின்றது. ஊருக்கு நேர் அடியில் இருப்பதால் அப்படியே விட்டால் வீடுகள் இறங்கிவிடும். ஆகவே மேல்தளப் பாதைகளை நிரப்பி உறுதிப்படுத்தினார்கள், ஆழத்தில் இருப்பவற்றில் தண்ணீர் ஏற விட்டார்கள். நிலம் அசைகிறதா என்று இப்போதும் அளக்கிறார்கள்.

அங்கே கண்ட ஒன்றை உங்களுக்காகவே எழுதுகிறேன். ஊர் எல்லையில், ஒரு கற்கட்டடத்துக்குள் 'காம்ஷ்த்' என்ற மரச்சக்கரம் இருக்கிறது. 1790இல் அமைத்தது, குறுக்களவு 13.6 மீட்டர், நான்கு மாடி உயரம். ஆற்றுநீரின் விசையில் சுழன்று, சுரங்கத்தின் ஆழத்திலிருந்து தண்ணீரை இறைத்து வெளியேற்றியது. 1948 வரை வேலை செய்தது. இரும்பை மிகக் குறைவாகவே சேர்த்திருக்கிறார்கள். அதன் முன்னால் நிற்கும்போது, இது நின்றால் கீழே இருக்கிறவர்கள் மூழ்கிவிடுவார்கள் என்ற எண்ணம்தான் எனக்கு வந்தது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் யாரோ ஒருவர் இரவும் பகலும் அதைக் கண்காணித்திருக்கிறார்.

அங்கிருந்து பழைய கால்வாயை ஒட்டி ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் நிழல்பாதை. சமதளம், வயதானவர்களும் நடக்கலாம். முடிவில் 'திவ்யெ யெசெரோ', காட்டு ஏரி. பாறைச் சுவருக்கு அடியில் பச்சைக் கருமையாக ஒரு குளம், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிவது. ஆனால் அது நிலத்தடி நீர் மேலே வருகிற வாய். மூழ்குநர்கள் 160 மீட்டர் வரை இறங்கிப் பார்த்தும் அடியைத் தொடவில்லை. பெருமழை பெய்தால் பொங்கிச் சீறும் என்கிறார்கள். நாங்கள் போன அன்று இலை விழுந்தால்கூட அலை எழுவது தெரிந்தது. அதிலிருந்து புறப்படும் யெசெர்னிட்சா 55 மீட்டர் ஓடி இட்ரிட்சாவில் சேர்ந்துவிடுகிறது. அந்த நாட்டின் மிகச் சிறிய ஆறு.

---

தறிவீடு

யாரும் லேஸைப் பற்றி எழுதவில்லையே! நான் காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பம். இட்ரியாவுக்கு நான் போனதே அதற்காகத்தான்.

சுரங்கக் கூலி போதாமல் வீட்டுப் பெண்கள் பின்னிய லேஸ் அது. உருளைத் திண்டின் மேல் வடிவம் வரைந்த தாளைக் குண்டூசியால் பொருத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டுப் பின்னுகிறார்கள். குச்சிகளைப் பார்த்ததும் எனக்கு எங்கள் வீட்டுத் தார்க்குச்சி நினைவுக்கு வந்தது. சில வகைகளுக்கு ஏழெட்டு ஜோடி போதும். கை போகிற வேகத்தில் குச்சிகள் ஒன்றோடொன்று தட்டி, ஓடு மேல் மழை விழுகிற மாதிரி ஒலிக்கும்.

1876இல் தொடங்கிய லேஸ் பள்ளி இன்றுவரை நடக்கிறது. பிள்ளைகள் வழக்கமான பள்ளி முடிந்து அங்கே வருகிறார்கள், பையன்களும் உண்டு. ஸ்லோவேனிய லேஸ் பின்னலை 2018இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜூன் மாதம் ஊரில் லேஸ் திருவிழா நடக்கும், அப்போது தெருவில் உட்கார்ந்து பின்னுவார்கள். கெவெர்கெனெக் கோட்டை அருங்காட்சியகத்திலும் நல்ல தொகுப்பு உண்டு. அந்தக் கோட்டை ராஜாவுக்காகக் கட்டியதல்ல. சுரங்க நிர்வாகத்துக்கும் பாதரசக் கிடங்குக்கும் கட்டியது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளங்கை அளவுத் துண்டுக்கே நல்ல விலை சொல்வார்கள். பேரம் பேசாதீர்கள். அது எத்தனை மணி நேர வேலை என்று கேளுங்கள், பிறகு விலையைப் பாருங்கள். தறியில் உட்கார்ந்த வீட்டில் பிறந்தவள் என்பதால் சொல்கிறேன். பேரம் பேசி வாங்கிய சேலையைக் கட்டிக்கொண்டு எங்கள் கலையைப் புகழ்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

---

கிராட்ஸ்வாசி

தறிவீடு அக்காவின் கடைசிப் பத்தியை அப்படியே வழிமொழிகிறேன்.

மொழியில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. ஸ்லோவேனிய மொழியில் ஒருமை, பன்மைக்கு நடுவில் இருமையும் உண்டு. 'நாங்கள்' என்பதற்கு 'மி'. 'நாங்கள் இருவர்' என்பதற்கு 'மித்வா'. கணவன் மனைவியாகப் போகிறவர்கள் இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போங்கள், உணவகத்தில் முகம் மலர்வார்கள். அந்த மொழியையே பாடமொழியாகக் கொண்ட முதல் மேல்நிலைப் பள்ளி 1901இல் தொடங்கியது இட்ரியாவில்தான். முதல் உலகப் போருக்குப் பின் ஊர் இத்தாலியிடம் போனது. பாசிஸ்டு ஆட்சியில் பள்ளிகளிலிருந்து ஸ்லோவேனிய மொழி விரட்டப்பட்டது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மொழியில் வணக்கம் சொல்லும்போது அதே மொழியில் பதில் சொல்வது நம்மால் முடிந்த மரியாதை.

கார் இருந்தால் செர்க்னோ பக்கம் பாசிட்சா பள்ளத்தாக்கில் உள்ள ஃப்ரான்யா மறைவு மருத்துவமனையையும் பாருங்கள். 1943 டிசம்பர் முதல் இரண்டாம் உலகப் போர் முடியும் வரை, இரு பாறைச் சுவர்களுக்கு இடையே மரக்குடில்கள் கட்டி, காயமடைந்த விடுதலைப் போராளிகளுக்கு மருத்துவம் பார்த்த இடம். வழி தெரியக் கூடாது என்பதற்காக நோயாளிகளின் கண்ணைக் கட்டி, தடம் விழாதபடி ஓடைக்குள் நடந்து தூக்கிச் சென்றார்கள். கடைசி வரை எதிரிகள் கண்டுபிடிக்கவில்லை. 2007 வெள்ளத்தில் அடித்துப் போனதை அப்படியே மறுபடி கட்டி 2010இல் திறந்தார்கள்.

---

பாலாறு

நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். சிறு பிள்ளைகளோடு வார இறுதியில் போகாதீர்கள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் பெரியவன் இந்த இழையைப் பார்த்துவிட்டு, சுரங்கத்தில் பெர்க்மாண்ட்லட்ஸ் என்ற குள்ளன் சுவரைத் தட்டுவானாமே, ஏன் உள்ளே அழைத்துப் போகவில்லை என்று கேட்கிறான். அடுத்த முறை செவ்வாய்க்கிழமை போகிறோம்.

---

மாரிகுப்பம்

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். போய்வந்துவிட்டேன். வேலை விஷயமாக மியூனிக் போக வேண்டியிருந்தது, மூன்று நாள் விடுப்புச் சேர்த்துக்கொண்டேன். கிராட்ஸ்வாசி சொன்னபடி திங்கள் முதல் வியாழன்.

சுரங்கச் சுற்றில் அன்று ஐந்து பேர்தான். உள்ளே தாங்குமரங்கள் வைத்திருந்த விதத்தைப் பார்த்து, 'மேலே இருந்து அழுத்தம், பக்கத்திலிருந்து இல்லை, சரியா?' என்று வழிகாட்டியிடம் கேட்டுவிட்டேன். அப்பா சாப்பாட்டு மேசையில் தீப்பெட்டிக் குச்சிகளை அடுக்கி எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்றார் வழிகாட்டி. சொன்னேன். மூன்று கிலோமீட்டர் ஆழமா என்று இரண்டு முறை கேட்டார். அவர்களுடையது நானூறு மீட்டருக்கும் குறைவு. கீழே எவ்வளவு வெப்பம், லிஃப்டில் இறங்க எவ்வளவு நேரம், அப்பா வீட்டுக்கு வந்து என்ன சாப்பிடுவார் என்றெல்லாம் கேட்டார். சுற்று முடிந்து மற்றவர்கள் தலைக்கவசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன பிறகும் நாங்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது 'ஸ்ரெச்னோ' என்றார். சுரங்கத் தொழிலாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாழ்த்து, நல்லபடியாகப் போய் வா என்று பொருள்.

அம்மாவுக்காக ஒரு லேஸ் வாங்கினேன். தறிவீடு அக்கா சொன்னதை மனத்தில் வைத்து, எத்தனை மணி நேர வேலை என்று கேட்டேன். பதினெட்டு என்றார்கள். கேட்ட விலையைக் கொடுத்தேன். அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, 'அவளும் நிலத்தடி வேலைக்காரன் பெண்டாட்டிதானா' என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அதைக் கேட்க மறந்துவிட்டேன். இப்போது சாமி படத்துக்குக் கீழே விரித்து வைத்திருக்கிறார்; ஏற்கெனவே ஓரத்தில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. இதை எப்படித் துவைப்பது?

---

தறிவீடு

தம்பி, இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள். இளஞ்சூட்டு நீரில் மென்மையான சோப்புக் கரைசலை விட்டு அரை மணி நேரம் ஊற வையுங்கள். கறை பட்ட இடத்தை விரல் நுனியால் மெல்ல அழுத்தினால் போதும், தேய்க்கக் கூடாது. முறுக்கிப் பிழியவே கூடாது. நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெள்ளைத் துண்டுக்கு நடுவில் வைத்து ஈரத்தை ஒற்றி எடுங்கள். பிறகு ஒரு தலையணை மேல் வெள்ளைத் துணி விரித்து, லேஸை அதன் பழைய வடிவத்துக்கு இழுத்துச் சரிசெய்து, வளைவுக்கு வளைவு துருப்பிடிக்காத குண்டூசி குத்தி நிழலில் காயவிடுங்கள். ஊசி குத்துவதை அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். மல்லிகை கட்டிப் பழகிய கை என்றால் அவருக்குச் சுலபமாக வரும்.